முற்பகல்

தமிழ்நாட்டில் பரீட்சை எழுதிய எவரும் மறக்க முடியாத இரண்டு ஜோடி எழுத்துக்கள் உண்டு. எஃப்.என்., ஏ.என். ஹால் டிக்கெட்டில் தேதிக்குப் பக்கத்திலே ஒட்டிக்கொண்டு நிற்கும். "உனக்குக் கணக்கு எஃப்.என்.னா, ஏ.என்.னா?" என்று பையன்கள் பஸ்ஸில் கேட்டுக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த 'எஃப்' எதைக் குறிக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவனை விசாரித்தேன். கொஞ்சமும் தயங்காமல், "ஃபர்ஸ்ட் நூன், சார்" என்றான். அப்படியானால் இரண்டாவது நூன் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். மறுநாள் அவனுக்குப் பரீட்சை. குழப்ப வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஃபோர்நூன் என்பதுதான் அந்தச் சொல். தமிழில் முற்பகல். அண்ணா பல்கலைக்கழகத்துப் பரீட்சைகளில் முற்பகல் பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிகிறது. பன்னிரண்டு அடித்து முழுசாக ஒரு மணி நேரம் போன பிறகும் மண்டபத்துக்குள்ளே முற்பகல்தான். பரீட்சை எழுதுகிறவனுக்குக் காலம் வேறு விதமாகத்தான் ஓடும் என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

இங்கிலாந்தில் இன்று இந்தச் சொல்லைச் சாதாரணப் பேச்சில் கேட்பது அரிது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் இருக்கிறது. கப்பல்காரர்களிடம் இருக்கிறது, அவர்கள் ஒரு நாளை ஏழு காவலாகப் பிரித்து, காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை உள்ளதை முற்பகல் காவல் என்கிறார்கள். மற்றவர்களுக்கு இது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கோட்டு மாதிரி. இருப்பது தெரியும், எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. அங்கே பெட்டியில் கிடப்பதை நாம் இங்கே தினந்தோறும் உடுத்துகிறோம்.

இந்த ஃபோர்நூனுக்குள்ளே இருக்கிற நூனின் கதை இன்னும் வேடிக்கையானது. நூன் என்றால் பன்னிரண்டு மணி என்று நாம் நினைக்கிறோம். அதன் பிறப்பு வேறு. ரோமாபுரியில் சூரியன் உதித்தது முதல் மறைவது வரை உள்ள பொழுதைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்தார்கள். கோடையில் பாகம் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். அதில் ஒன்பதாவது நோனா. நம் கணக்கில் சுமார் பிற்பகல் மூன்று மணி. கிறிஸ்துவ மடங்களில் அந்த நேரத்துப் பிரார்த்தனைக்கும் அதே பெயர் வைத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் நுழைந்தபோது மூன்று மணி என்ற அர்த்தத்தில்தான் நுழைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் பதினாலாம் நூற்றாண்டுக்கும் இடையே மெதுவாக நகர்ந்து நகர்ந்து நடுப்பகலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏன் நகர்ந்தது என்பதற்குப் பண்டிதர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். உபவாச நாட்களில் நோனாப் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் துறவிகள் சாப்பிடலாம். ஆகவே பிரார்த்தனை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துவிட்டதாம். நம் ஊரில் ஏகாதசி விரதம் இருக்கிறவர்கள் மறுநாள் பாரணைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது.

இதற்கு நேர்மாறாகப் பிரயாணம் செய்த சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் இருந்தது. அண்டர்ன் என்று பெயர். முதலில் காலை ஒன்பது மணி. பிறகு சில வட்டாரங்களில் நடுப்பகல் ஆயிற்று. வேறு சில வட்டாரங்களில் பிற்பகலாகி, கடைசியில் பிற்பகல் பலகாரத்துக்கே பெயராகி மறைந்தது. ஒன்று மாலையிலிருந்து உச்சிக்கு ஏறி வந்தது, மற்றது காலையிலிருந்து உச்சியைத் தாண்டி இறங்கிப் போயிற்று. வழியில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நூன் பன்னிரண்டில் நிலைத்த பிறகு, அதற்குப் பிந்தியதை ஆஃப்டர்நூன் என்றார்கள். 1300ஆம் வருஷ வாக்கிலேயே அந்தச் சொல் கிடைக்கிறது. முந்தியதை ஃபோர்நூன் என்று சொல்ல மேலும் இருநூறு வருஷம் ஆயிற்று. இதை நான் ஒரு முக்கியமான விஷயமாகவே நினைக்கிறேன். இரண்டு நூற்றாண்டுக் காலம் அந்த ஜனங்களுக்கு நடுப்பகலுக்கு முந்திய பொழுதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்படி ஒரு சொல் வேண்டியிருக்கவில்லை. காலை என்றால் போதும். பின்னாலும் அந்தக் காலைதான் அவர்கள் பேச்சில் ஜெயித்தது. ஜேன் ஆஸ்டின் நாவல்களைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 'காலை விருந்தாளி' என்று ஒருவர் வருவார். பார்த்தால் பிற்பகலாக இருக்கும். பெரிய சாப்பாடு முடியும் வரை அவர்களுக்குக் காலைதான். சினிமாக் கொட்டகையில் இரண்டரை மணி ஆட்டத்தை நாம் மாட்டினி என்கிறோமே, அதுவும் காலை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பதினொன்றரை மணி ஆட்டத்துக்குக் காலைக் காட்சி என்று தனிப் பெயர் வைத்து, அதற்குப் பிறகு நடப்பதையும் காலை என்றே அழைத்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் இதனால் தலைவலி வந்ததாகத் தெரியவில்லை.

முற்பகல் என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. திருக்குறளில் இன்னா செய்யாமை அதிகாரத்தில் முற்பகலும் பிற்பகலும் ஒரே குறளில் எதிரும் புதிருமாக வருகின்றன. பிறருக்கு முற்பகலில் செய்த கெடுதல் பிற்பகலில் தானாகவே நம்மிடம் வந்து சேரும் என்பது விஷயம். ஆங்கிலேயர் ஃபோர்நூன் என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே வள்ளுவர் அந்தக் கணக்கை முடித்துவிட்டார். பகல் என்ற சொல்லே பகுத்தல் என்பதிலிருந்து வந்தது. பகுப்பது, நடுவாக நிற்பது என்றெல்லாம் அதற்குப் பழைய பொருள் உண்டு. நுகத்தடியின் நட்ட நடுவில் அடித்திருக்கும் ஆணிக்குப் பகலாணி என்று பெயர். இரண்டு மாட்டுக்கும் பாரம் சமமாக இருக்கிறதா என்பதை அந்த ஆணிதான் தீர்மானிக்கிறது.

ஆனால் சர்க்கார் ஆபீஸில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்த பிறகு பாரம் சமமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஓர் உத்தியோகஸ்தர் முற்பகலில் பொறுப்பேற்றால் அன்றைய நாளே அவருடைய கணக்கில் சேரும். பிற்பகலில் ஏற்றால் அவருடைய நாள் மறுநாள்தான் பிறக்கும். மு.ப., பி.ப. என்று இரண்டெழுத்தில் உத்தரவு முடிந்துவிடும். எங்கள் அத்தையின் வாழ்க்கையில் அந்த இரண்டெழுத்து செய்த வேலையை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1974ஆம் வருஷம் ஜூன் மாதம். அத்தைக்கு அப்போது இருபத்துநாலு வயசு. கீழத் தஞ்சையில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. கையில் உத்தரவு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். பஸ் வழியில் ஓர் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்தார். கண்டக்டரும் எட்டிப் பார்த்தார். பிறகு இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள். அதைப் பார்த்ததும், இனி இது நகராது என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை ஒரு கீரைக்காரியின் வீட்டுத் திண்ணையில் ஒப்படைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டரை மைல். ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மணல் கொதிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் காலை வைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம். தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர். முதலில் தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'பி.ப.' என்று எழுதினார்.

"அஞ்சு நிமிஷம்தான் சார்" என்றாள் அத்தை.

"அஞ்சு நிமிஷமானாலும் எழுதினது எழுதினதுதான் அம்மா. பொய் எழுதக் கூடாதில்லையா? ஒரு நாள் சம்பளம், போனால் போகட்டும்" என்றாராம் அவர்.

ஒரு நாள் சம்பளத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே தேதியில் அதே ஒன்றியத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளியில் இன்னோர் ஆசிரியை வேலையில் சேர்ந்திருந்தாள். அவள் ஊரிலேயே உறவுக்காரர் வீடு. பத்து மணிக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளுக்கு மு.ப. பதினாலு வருஷம் கழித்துத் தலைமை ஆசிரியை பதவி ஒன்று காலியானபோது, அந்த ஒன்றியத்துப் பட்டியலில் முன்னால் நிற்பவர் யார் என்று பார்த்தார்கள். தேதி இரண்டு பேருக்கும் ஒன்று. பக்கத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தார்கள். பதவி அவளுக்குப் போயிற்று. அத்தைக்கு அடுத்த காலியிடம் வர ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஆறு வருஷத்துச் சம்பள வித்தியாசம், அதன் மேல் ஏறிய வித்தியாசம், கடைசியில் பென்ஷனில் நின்ற வித்தியாசம் எல்லாவற்றையும் அத்தை ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்தாளாம். கூட்டி முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள். தொகை எவ்வளவு என்று இன்று வரை யாருக்கும் சொன்னதில்லை. வள்ளுவர் கணக்கில் முற்பகலில் செய்தது பிற்பகலில் வருகிறது. அத்தைக்குப் பிற்பகலில் எழுதியது இருபது வருஷம் வந்துகொண்டே இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த இரண்டு பேரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள் என்பதுதான். யூனியன் ஆபீஸில் சம்பள நாளன்று சந்தித்துக்கொண்டால், "வாங்க, முற்பகல் டீச்சர்" என்பாள் அத்தை. "என்ன பிற்பகல் டீச்சர், சாப்பாடு ஆச்சா?" என்பாள் அவள். ஊர் முழுக்க இந்தப் பெயர் பரவி, பிள்ளைகள்கூட மறைவில் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேரும் சில மாத இடைவெளியில் ஓய்வு பெற்றார்கள். சர்க்கார் விதிப்படி ஓய்வு பெறுவது எல்லோருக்கும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகல்தான். அதில் மு.ப. கிடையாது. முற்பகல் டீச்சருக்கும் அன்றைக்கு பி.ப. எழுதினார்கள். அத்தை மாலையும் கையுமாகப் போய், "வாங்க, இப்ப நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க" என்று வரவேற்றாளாம்.

அந்தக் கடைசிப் பிற்பகலும் சாதாரணமானதல்ல. ஜூன் 30ஆம் தேதி பிற்பகலில் ஓய்வு பெறுகிறவருக்கு, அந்த வருஷம் முழுக்க வேலை செய்து சம்பாதித்த இன்கிரிமெண்டு ஜூலை முதல் தேதிதான் பிறக்கிறது. ஆள் முதல் நாளே போய்விட்டார். ஆகவே கிடையாது என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. வேறொரு வழக்கில் 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும், சம்பாதித்தது சம்பாதித்ததுதான், மறுநாள் பிறக்கிறது என்பதற்காக மறுக்கக் கூடாது என்று கூறிற்று. ஒரு பிற்பகலுக்கும் மறுநாள் முற்பகலுக்கும் நடுவில் இருக்கும் ஓர் இரவைத் தாண்ட இத்தனை வருஷம் பிடித்தது.

சமீபத்தில் நான் வேறொரு காரியத்துக்காக நேரக் கணக்கு ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பது 1906ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி வந்தது. எண்பத்திரண்டரை பாகைத் தீர்க்கரேகையில் சூரியன் எப்போது உச்சிக்கு வருகிறதோ அதை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் தஞ்சாவூர்ப் பக்கம் அந்த ரேகைக்கு மேற்கே கிட்டத்தட்ட மூன்று பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். ஆகவே கீழத் தஞ்சையில் ஜூன் மாதத்தில் சூரியன் உண்மையாகவே உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்துச் சுமார் பத்துப் பதினோரு நிமிஷம் கழித்துத்தான். இதைப் படித்தவுடன் எனக்கு அத்தையின் ஐந்து நிமிஷம் ஞாபகம் வந்தது. அவள் பள்ளிக்கூடத்து வாசற்படி ஏறினபோது சூரியன் இன்னும் கிழக்குப் பக்கத்திலேதான் இருந்திருக்கிறது. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டுப் பார்த்திருந்தால் நிழல் மேற்கே துளி சாய்ந்திருக்கும்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது சொன்னேன். அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப நான் முற்பகல்தானாடா?"

"சூரியன் கணக்குப்படி முற்பகல்தான் அத்தை. கடிகாரக் கணக்குப்படிதான் நீங்க பிற்பகல்."

கொஞ்ச நேரம் முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவகிட்ட இதைச் சொல்லிடாதேடா. அம்பது வருஷமா முற்பகல் டீச்சர்னே இருந்துட்டா. இந்த வயசிலே எதுக்கு?"

முற்பகல் என்ற சொல்லின் குறை என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குத் தன்னுடையதென்று ஒன்றும் இல்லை. பகலின் உச்சிக்கு முந்தியது, அவ்வளவுதான். பன்னிரண்டு மணியை எதிர்பார்த்துக் கதவோரம் நிற்கும் பொழுது. ஜெர்மன்காரரும் அப்படியே 'நடுப்பகலுக்கு முன்' என்றுதான் சொல்கிறார்கள். இப்படி ஒரு கோட்டை வைத்து நாளை இரண்டாக வெட்டினால், கோட்டுக்கு இந்தப் புறமா அந்தப் புறமா என்ற வழக்குத்தான் மிஞ்சும். அந்தப் பொழுதில் மனிதர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது சொல்லில் இருக்காது.

இருக்கிற சொற்களும் உண்டு. அத்தையின் பள்ளிக்கூட ஊரில் கடிகாரம் இருந்தது பள்ளிக்கூடச் சுவரில் மட்டுந்தான். வெளியே, 'ஏர் அவிழ்க்கிற நேரம்' என்பார்கள். விடியுமுன் பூட்டிய ஏரை வெயில் ஏறியதும் அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு மேல் மாடு தாங்காது. மாடு தாங்குமா என்பதுதான் மணி. ஐப்பசி மழை நாளில் அது தள்ளிப் போகும், சித்திரையில் முன்னாலேயே வந்துவிடும். கஞ்சி வேளை என்றும் சொல்வதுண்டு. கலயம் வயலுக்கு வந்து சேர்ந்தால் வேளை, வராவிட்டால் இன்னும் ஆகவில்லை.

நம் இலக்கணக்காரர்கள் நாளை ஆறு சிறுபொழுதாக்கி, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பத்து மணிக்கே காலை முடிந்து நண்பகல் தொடங்கிவிடுகிறது. நண்பகல் பாலைக்கு உரியது, பிரிவுக்கு உரியது. வழிப்போக்கனும் வெயிலும்தான் அங்கே. பத்து மணிக்கு மேல் இந்த ஊர் வெயிலில் நடந்தவர்கள் இலக்கணக்காரர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். பெட்டியை விட்டுவிட்டுக் குடையோடு நடந்த அத்தையும் சொல்ல மாட்டாள்.

கிரேக்கர்கள் இதே பொழுதைச் 'சந்தை நிறைந்த வேளை' என்றார்கள். ஏதென்ஸில் ஆண்பிள்ளைகள் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஹெரடோட்டஸ் லிபியப் பாலைவனத்து ஊற்று ஒன்றைப் பற்றி எழுதும்போது, விடியற்காலையில் அதன் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சந்தை நிறைந்த வேளையில் குளிரத் தொடங்கும், நடுப்பகலில் மிகவும் சில்லென்று ஆகிவிடும் என்கிறார். அந்தப் பாலைவனத்தில் ஏதென்ஸ்காரர்களின் சந்தை இல்லை. ஆனாலும் படிக்கிறவருக்கு நேரம் புரிந்துவிடுகிறது. இஸ்லாமியர்களுக்கு லுஹா என்ற சொல் இருக்கிறது. சூரியன் நன்றாக ஏறியதிலிருந்து உச்சிக்கு வருவதற்கு முன் வரை உள்ள பொழுது. குர்ஆனின் தொண்ணூற்று மூன்றாவது அத்தியாயத்துக்கே அந்தப் பொழுதின் பெயர்தான். லுஹாத் தொழுகை என்று நம் ஊர் முஸ்லிம் சிநேகிதர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் அம்மா இந்தப் பொழுதைக் 'கை ஒழிஞ்ச வேளை' என்பாள். ஆபீஸ் போகிறவர் போய், பள்ளிக்கூடம் போகிறவர்கள் போய், சமையல் இறங்கி, பாத்திரம் கவிழ்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முதல்முதலாக உட்காரும் நேரம். தபால்காரர் வருவதும் அப்போதுதான். வாரப் பத்திரிகை வந்தால், தொடர்கதையில் சென்ற வாரம் நிறுத்திய இடத்திலிருந்து ஒரே மூச்சில் படித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று என்னிடம் கேட்பாள். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்குச் சோறு போட்ட பொழுது அது. எந்த ஆபீஸ் பதிவேட்டிலும் அதற்கு மு.ப. என்பதற்கு மேல் பெயர் கிடையாது. அந்த வேளையில் அம்மாவும் வேலையில்தான் இருந்தாள் என்பதும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. படித்துக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவாள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த சொல் சங்கவம். இப்போது பஞ்சாங்கம் பார்க்கிற வைதிகர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. பழைய முறையில் பகல் பொழுதுக்குப் பதினைந்து முகூர்த்தம். மும்மூன்றாக ஐந்து பங்கு போடுவார்கள். பிராதக்காலம் முதல் பங்கு, சங்கவம் இரண்டாவது. பிறகு மத்தியான்னம், அபராண்ணம், சாயான்னம். ஆறு மணிக்குச் சூரியோதயம் என்று வைத்துக்கொண்டால், சங்கவம் எட்டு மணி இருபத்துநாலு நிமிஷத்திலிருந்து பத்து மணி நாற்பத்தெட்டு நிமிஷம் வரை. மத்தியான்னம் நம் வாயில் மத்தியானம் ஆகிப் பிழைத்துக்கொண்டது. சங்கவம் பிழைக்கவில்லை. சம் என்றால் ஒன்றாக, கோ என்றால் பசு. பசுக்கள் ஒன்று சேரும் வேளை. கறப்பதற்காக மாடுகளைக் கூட்டும் நேரம் என்றும், கன்றுகளோடு தாய்மாடுகள் சேர்ந்திருக்கும் நேரம் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது விளக்கத்தை நம்பத்தான் எனக்கு ஆசை. இத்தனைக்கும் அயர்லாந்தின் பழைய மொழியிலும் முற்பகலுக்கு உள்ள ஒரு சொல்லுக்குப் பால் கறக்கும் வேளை என்றுதான் முதல் பொருள். அந்த வேளை வரையில் தூங்குகிறான் என்று யாரையாவது சொன்னால் சோம்பேறி என்று அர்த்தமாம். எங்கோ இருக்கிற இரண்டு தேசத்தார் மாட்டுத் தொழுவத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

இன்று சங்கவத்துக்கு மாடு காத்திருப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்து வண்டி விடிந்ததும் வந்துவிடுகிறது. அதற்குள் கறந்து ஊற்றியாக வேண்டும். அதனால் இந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. பரீட்சை ஹாலில் 'சங்கவம்' என்று எழுதினால் அந்தப் பையன் என்ன ஆவான்!

ஆனால் சாந்தோக்கிய உபநிஷதத்தில் சங்கவத்தைப் பற்றி ஓர் இடம் வருகிறது. சூரியனின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வோர் உயிர்க்கூட்டத்தைச் சார்த்திச் சொல்லிக்கொண்டு வரும்போது, சங்கவ வேளையைப் பறவைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவை ஆகாயத்தில் பிடிப்பு எதுவும் இல்லாமல் தம்மைத் தாமே தாங்கிக்கொண்டு சுற்றி வருகின்றன என்று அங்கே காரணம் சொல்லியிருக்கிறது. இதை நான் வெறும் கற்பனை என்று வெகு நாள் நினைத்திருந்தேன். பறவைகளைப் பற்றி அறிந்த ஒரு சிநேகிதர், பருந்தைக் கவனித்துப் பாருங்கள் என்றார். விடியற்காலையில் பருந்து மரத்திலேதான் உட்கார்ந்திருக்கும், பறந்தாலும் சிறகடித்துத்தான் பறக்கும். தரை சூடாகி, வெப்பக் காற்று தூண் போல மேலே எழும்பத் தொடங்கிய பிறகே அதன் மேல் ஏறி வட்டமிட முடியும். அதற்குக் காலை ஒன்பது, பத்து மணி ஆகிறது.

மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டுவிட்டுக் காவல் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். காக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று எட்டு மணிக்கு நினைப்பார்கள். பத்து மணிக்கு நிமிர்ந்து பார்த்தால், வெகு உயரத்தில் இரண்டு பருந்துகள் சிறகை அசைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.